வேரில் படலம் விரிக்கும் தூள்தானா? ஒரு பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்கெட்டின் மதிப்புரை

தக்காளி, மிளகாய் நாற்றுகளை வாடல் நோயிலிருந்து காக்கவென்று உரக்கடைகளில் விற்கப்படும், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கலந்த டால்க் தூள்களில் ஒன்றை இந்தப் பருவத்தில் பயன்படுத்திப் பார்த்தேன். நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு பாக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தூள் கட்டி தட்டாமல் நன்கு உலர்ந்திருந்தது. தண்ணீரில் கரைத்தால் டால்க் விரைவில் அடியில் படிந்துவிடுவதால், நாற்றின் வேரை நனைக்கும்போது அடிக்கடி கலக்கிவிட வேண்டும். கிராமுக்கு எத்தனை உயிருள்ள செல்கள், காலாவதித் தேதி, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவு ஆகியவை லேபிளில் தெளிவாக உள்ளன. எந்த ஸ்ட்ரெயின், அதாவது இந்த பாக்டீரியாவின் எந்த உள்வகை, என்பதைத்தான் காணவில்லை. என் கணக்கில் முதலில் அச்சிட வேண்டியது அதுதான்.

இந்த பாக்டீரியா வேரைக் காப்பது எண்ணிக்கையால் மட்டுமன்று. வேரைப் பற்றிக்கொண்டு உயிர்ப்படலம் (செல்கள் பசையால் ஒன்றாக ஒட்டிய மெல்லிய விரிப்பு) அமைப்பதும் அதற்கு வேண்டும். படலத்தின் பசையான சர்க்கரைப் பொருளை epsA முதல் epsO வரையிலான 15 ஜீன்களும், அதைத் தாங்கும் டாஸ்ஏ என்ற புரத இழைகளைத் tapA ஜீன் தொகுதியும் தருகின்றன; மேலே நீர் ஒட்டாத உறையாக பிஎஸ்எல்ஏ புரதம் பரவுகிறது. சாதாரண நிலையில் சின்ஆர் என்ற புரதம் முதலிரு தொகுதிகளையும் அடக்கி வைத்திருக்கிறது. வேரின் சர்க்கரைப் பொருள்கள் போன்ற தூண்டல்களைக் கைனேஸ்கள் (பாஸ்பேட்டை இணைக்கும் நொதிகள்) உணர்ந்து, பாஸ்பேட்டைக் கைமாற்றி ஸ்போ0ஏ புரதத்திடம் சேர்த்ததும், சின்ஐ என்ற இன்னொரு புரதம் உருவாகிச் சின்ஆரைப் பிடித்துக்கொள்ள, பூட்டியிருந்த ஜீன்கள் இயங்கத் தொடங்குகின்றன. தக்காளி வாடல் நோய் ஆய்வில் இந்த ஜீன்கள் பழுதான பாக்டீரியாக்கள் செடியைச் சரிவரக் காக்கவில்லை.

இந்தத் திறன் எல்லா ஸ்ட்ரெயினுக்கும் இருப்பதில்லை. 1997-இல் முழு மரபணுத் தொகுதி வெளியான 168 என்ற புகழ்பெற்ற ஆய்வக ஸ்ட்ரெயினில் sfp, epsC, swrA, degQ ஆகிய ஜீன்கள் பழுதாகி, rapP ஜீனைச் சுமந்த பிளாஸ்மிடும் (தனியே இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) தொலைந்துபோனதால் அது உறுதியான படலம் அமைப்பதில்லை. அதன் காட்டு உறவான 3610 அமைக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்போ0ஏ மிதமாகத் தூண்டப்பட்டால் படலம், மிகுதியாகத் தூண்டப்பட்டால் ஸ்போர் (வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் உறங்குநிலைச் செல்). உற்பத்தியாளருக்குப் பாக்கெட்டில் நெடுநாள் தாங்கும் ஸ்போர் வேண்டும், பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டியில் ஒட்டிச் சுருளும் படலம் அவருக்குத் தொல்லை. விவசாயிக்கோ வேரில் அந்தப் படலமே வேண்டும். ஸ்போர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆண்டுக்கணக்கில் வளர்த்தால், படலத் திறன் மெல்லக் கழன்றுவிடலாம் என்பது என் ஐயம்.

அதனால் தூளைக் கரைத்து, 80 டிகிரியில் சூடாக்கி ஸ்போர்களை மட்டும் மிஞ்சவிட்டு, தனிக் காலனியாகப் பிரித்து, கிளிசராலும் மாங்கனீசும் கொண்ட திரவ ஊடகத்தில் அசைக்காமல் 30 டிகிரியில் வைத்தேன். மேற்பரப்பில் சுருக்கங்களோடு வெண்மையான ஏடு படிந்தது. தட்டைச் சாய்த்தால் அது ஒரே விரிப்பாக நகர்ந்தது; அதன்மீது விட்ட நீர்த்துளி சேம்பிலையில் விட்டதுபோல் உருண்டு நின்றது. உறைப் புரதமும் ஒழுங்காக உருவாகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஆகவே இந்தப் பாக்கெட்டை நாற்று வேர் நனைக்கவும், தொழு உரத்தில் கலந்து பாத்தியில் இடவும் தயங்காமல் வாங்கலாம். தாமிர மருந்து ஊற்றிய பாத்தியில் உடனே இட வேண்டாம். தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும். இந்த எச்சரிக்கை லேபிளின் பின்புறம் மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ரெயின் எண்ணை அச்சிடாதவரை, அடுத்த தொகுப்பில் வருவதும் இதே பாக்டீரியாதானா என்பதைக் கடைக்காரரும் சொல்ல முடியாது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அந்த எண் வந்தால் நாலரை.