கிட் இகாரஸ்: காட்ரிட்ஜா, டிஸ்க்கா, ஸ்விட்ச்சா?

கிரேக்கப் புராணத்தைத் தன் இஷ்டத்துக்குக் கலந்துகட்டி நிண்டெண்டோ செய்த வீடியோ கேம் கிட் இகாரஸை இன்று ஆட மூன்று வழிகள்: 1986 டிசம்பரில் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் (நிண்டெண்டோவின் பழைய கன்சோல்) டிஸ்க், 1987இல் மற்ற நாடுகளுக்குப் போன என்இஎஸ் (அதே கன்சோலின் வெளிநாட்டு வடிவம்) காட்ரிட்ஜ், 2019 மார்ச்சில் சேர்ந்த ஸ்விட்ச் ஆன்லைன் என்ற சந்தாச் சேவை. நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ்ஸுக்கும் ஒரு பதிப்பு உண்டு. ஆனால் 2023 மார்ச்சில் அதன் ஆன்லைன் கடையே மூடிவிட்டதால், ஏற்கெனவே வாங்கி வைத்தவர்களுக்குத்தான் அது.

என் ஓட்டு காட்ரிட்ஜுக்கு. இசை மட்டும்தான் கணக்கு என்றால் டிஸ்க் ஜெயிக்கும். அதில் ஒரு ஒலிச் சேனல் கூடுதல். ஆட்டத்துக்குள் வரும் கடையில் பேரம் பேச அங்கே இரண்டாம் கன்ட்ரோலரின் மைக்கில் குரல் கொடுக்கலாம். காட்ரிட்ஜில் இரண்டாம் கன்ட்ரோலரின் ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். (விலை இறங்கும் என்று நம்பி அழுத்தினால் ஏறவும் செய்யும்.)

ஆனால் முப்பது, நாற்பது வருடப் பழைய பொருளில் முதலில் பார்க்க வேண்டியது எது சாகும் என்பதை. டிஸ்க் டிரைவின் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் இளகிப் பிசினாகிவிடும். புது பெல்ட் போட்டால் மட்டும் போதாது, சுழலும் அச்சையும் சரியாகப் பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் டிஸ்க் படிக்காது. காட்ரிட்ஜில் சாக எதுவும் இல்லை. அதே 1987இன் இன்னொரு நிண்டெண்டோ ஆட்டமான செல்டாவின் காட்ரிட்ஜில் சேவ் (ஆடிய இடம்வரையிலான பதிவு) வைத்திருக்கும் பேட்டரி தீர்ந்தால் சேவும் போச்சு. கிட் இகாரஸ் காட்ரிட்ஜில் பேட்டரியே கிடையாது, விட்ட இடத்தில் தொடர எல்லாம் 24 எழுத்துப் பாஸ்வேர்டு. அன்று மட்டமாகத் தெரிந்த ஏற்பாடுதான் இன்று தாங்குகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் கலந்து வருவதால் கையால் எழுதாதீர்கள். சுழியமும் ஓவும் குழம்பும். போனில் படம் எடுத்துவிடுங்கள். ‘இகாரஸ் ஃபைட்ஸ் மெடூசா ஏஞ்சல்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராகக் கடைசிக் கட்டம். நாலு சொல், ஒவ்வொன்றும் ஆறு எழுத்து!

கன்சோலின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் காட்ரிட்ஜ் செத்ததாக எண்ண வேண்டாம். காட்ரிட்ஜைச் செருகும் 72 பின் கனெக்டர் சரியாகத் தொடாததால், அசல் காட்ரிட்ஜா என்று சோதிக்கும் லாக்அவுட் சிப் திரும்பத் திரும்ப ரீசெட் செய்கிறது, அவ்வளவுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துக் காட்ரிட்ஜின் தொடுமுனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். வாயால் ஊதினால் ஈரம் ஏறி முனை அரிக்கும். தட்டை டிவியில் ‘கேம் மோட்’ போடாவிட்டால் தாவல் ஒவ்வொன்றும் பிந்தும்.

ஸ்விட்சில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, என்ன, சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். ஆனால் முதல் உலகத்தையே தாண்டாமல் கைவிட்டவர்களுக்கு அதுதான் சரி. இந்த ஆட்டம் தொடக்கத்தில்தான் கொடுமை. மேலே ஏற ஏறத் திரை கீழே திரும்பாது. சற்றுமுன் நின்ற படி திரையை விட்டுப் போனதும் அது பாதாளம். அங்கே ஸ்விட்சின் ரிவைண்டு (ஆட்டத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டும் வசதி) கைகொடுக்கும். எதிரிகளைத் தவிர்த்து ஓடி மட்டும் தப்பிக்காதீர்கள்: கட்டம் முடியும்போது ஸ்கோரைப் பார்த்துத்தான் உயிர்ப்பட்டை நீளும்.