ஓட்டையை எண்ணாமல் வாங்கிய சப்ஃப்ரேம்

என்னிடம் இருப்பது 1974-ஆம் ஆண்டு மினி 1000, கை கியர். மினியில் துருப்பிடித்துப் போவது பெரும்பாலும் பின் சப்ஃப்ரேம்தான். சப்ஃப்ரேம் என்றால் பாடிக்கு அடியில் போல்ட்டால் பூட்டும் இரும்புச் சட்டம், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு சேறோடு சேர்ந்து அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். என் காரில் முன்னதும் சரியில்லை. முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ நடைபாதை விளிம்பில் ஏற்றி வளைத்திருக்கிறார். நேராக்கிப் பார்க்கலாம் என்று ஒரு மாதம் மினக்கெட்டேன், சரிவரவில்லை.

அதனால்தான் இந்தக் கடையை நாடினேன். கொவென்ட்ரியிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம், ஒரு பண்ணைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. பழைய மினிச் சாமான் மட்டும்தான். முதல் தடவை நேரில் போகவில்லை, தொலைபேசியில் கேட்டேன். "எழுபதுகளின் முன் சப்ஃப்ரேம், ரப்பர் கோன், கை கியர், துரு இல்லை" என்றார்கள். ரப்பர் கோன் என்பது ஸ்பிரிங்குக்குப் பதிலாக மினியில் இருக்கும் ரப்பர் கட்டை. 180 பவுண். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் இருந்தது.

துரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. சுத்தியலால் சுற்றிவரத் தட்டினேன், எல்லா இடமும் நல்ல சத்தம். அந்தச் சந்தோஷத்தில் மணல் அடித்து, பவுடர் பூசக் கொடுத்தேன். அதற்கு இன்னொரு 95 பவுண். பளபளவென்று திரும்பி வந்ததைக் கராஜில் வைத்துவிட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் கழற்றிப் பூட்டிய கை அவருடையது. மைனரில் இப்படியொரு முன் சப்ஃப்ரேம் கிடையாது. ஆனால் அதை வரைந்த அலெக் இசிகோனிஸ்தானே மினியையும் வரைந்தார், அந்த உரிமையில் மினியும் தன் வண்டி என்று நினைப்பார்.

அவர் பூச்சைப் பார்க்கவே இல்லை. "தம்பி, உந்த மினுக்கத்தை விடு. மேலை எத்தினை ஓட்டை எண்டு பார்."

பார்த்தேன். டவரின், அதாவது ஃப்ரேமின் இரு பக்கமும் மேலே எழும் தூணின், தலையில் நடுவே ஒரே ஒரு பெரிய ஓட்டை. என் காரின் பாடியில் பக்கத்துக்கு இரண்டு சின்ன போல்ட்.

விஷயம் இதுதான். 1976 வரை வந்த மினிகளில் முன் சப்ஃப்ரேமின் இரண்டு டவரும் தலைக்கு இரண்டு போல்ட்டால் பாடியோடு நேரடியாக இறுகியிருக்கும். சத்தமும் அதிர்வும் அப்படியே உள்ளே வரும். அதைக் குறைக்க 1976-இல் இடையில் ரப்பர் வைத்தார்கள், டவருக்கு ஒரு தடித்த போல்ட் என்று மாற்றினார்கள். எனக்கு வந்தது அந்தப் பிந்திய வகை. இரண்டுமே "எழுபதுகள்"தான், கடைக்காரர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாது! பாடியை வெட்டி இதைப் பொருத்த எனக்கு மனமில்லை.

மாற்றித் தருகிறோம், நேரில் வாருங்கள் என்றார்கள். பூச்சுக் காசு கிடையாது. பூசிய ஃப்ரேமைத் திருப்பி எடுத்துக்கொண்டு பூசாததைத் தந்தால் அவர்களுக்கு லாபம்தானே என்று கேட்டேன். சிரித்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவும் வந்தார். தட்டில் இரண்டு போல்ட் வகை மூன்று கிடந்தன. மிகச் சுத்தமாக இருந்ததைத்தான் நான் தூக்கப் போனேன். அதில் எஞ்சினை ஃப்ரேமில் தாங்கும் பழைய மவுண்டிங் ஒன்று கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் காரில் கழற்றிய மவுண்டிங்கைப் பையில் கொண்டுபோயிருந்தோம். பக்கத்தில் பிடித்தால் உருவமே வேறு. கேட்ட பிறகுதான், "ஓ, அது ஓட்டோமேட்டிக் காரில் கழற்றியது" என்றார் கடைப் பையன். சீட்டில் அந்தச் சொல் இல்லை.

மினிக்கு ஓட்டோமேட்டிக் வந்தது 1965-இல். எங்களுக்குப் பக்கத்து ஊர் லெமிங்டன் ஸ்பாவில் இருந்த ஓட்டோமோட்டிவ் புரொடக்ட்ஸ் செய்த நாலு கியர் பெட்டி. கை கியர் போலவே எஞ்சினுக்கு அடியில், எஞ்சின் எண்ணெயிலேயே ஓடும். ஆனால் கை கியரில் கிளட்ச் உறை இருக்கும் வலப்பக்கத்தில் இதற்கு டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் மூலம் விசையைக் கடத்துவது) உட்கார்ந்திருக்கிறது, எஞ்சினைத் தாங்கும் இடங்களில் ஒன்றும் அந்தப் பக்கத்தில்தான், அதனால் மவுண்டிங் மாறுகிறது. மவுண்டிங்கை முன்பே கழற்றியிருந்தால் நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். உங்கள் மவுண்டிங் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஃப்ரேமில் வைத்து, போல்ட்டைக் கையாலேயே விட்டுப் பாருங்கள். தானாகப் போகாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவதாகக் கிடந்ததைத்தான் எடுத்தோம். மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அழகு ஒன்றும் இல்லை. மவுண்டிங் இரண்டும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தன. இப்போது காரில் இருக்கிறது, நாலு போல்ட்டும் கையாலேயே இறங்கின.

கடைக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சாமான் நல்லது, விலை நியாயம், மாற்றித் தருவதில் முகம் சுளிக்கவில்லை. சீட்டு எழுதுகிற ஆளுக்குத்தான் மினி தெரியாது. தொலைபேசியில் மட்டும் வாங்காதீர்கள். கேட்டால் டவரின் தலையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் போதாது, டோர்ச் கொண்டு போங்கள்.