செயின்ட் ஜான்ஸ் வோர்ட் 300 மி.கி. மாத்திரை: லேபிள் சொல்வதும் விழுங்குவதும்

மனச்சோர்வு மாத்திரையிலிருந்து விடுபட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த மூலிகை மாத்திரையில்தான். லேபிளில் 300 மி.கி. சாறு, 0.3% ஹைபெரிசின் (மூலிகையில் உள்ள ஒரு வேதிப்பொருள்), தினம் மூன்று வேளை. ஆய்வுகளில் பரவலாகக் கொடுத்த அளவும் அதுவே. சரி. ஆனால் மூலிகையின் இன்னொரு முக்கியப் பொருளான ஹைப்பர்ஃபோரின் எவ்வளவு என்று போடவில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதைகிற பொருள் அது. அதைப் போய் தெளிவான டப்பாவில் அடைத்திருக்கிறார்கள்!

லேசான, நடுத்தரச் சோர்வுக்குத்தான் சான்று உண்டு. பலன் தெரிய 4 முதல் 6 வாரம்.

உள்ளே இருக்கும் சீட்டில் 'பக்கவிளைவு அற்றது' என்று அச்சடித்திருப்பது சுத்தப் பொய். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை இது முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இரத்தத்தில் குறைந்துபோகும். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் எகிறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல் வரலாம். அதே வகை ஃப்ளூவாக்ஸ்டின் என்றால், அதை நிறுத்தி 5 வாரமாவது போன பிறகே இதைத் தொடங்கவேண்டும், அதன் மிச்சம் உடம்பில் அவ்வளவு நாள் கிடக்கும். பழைய மனச்சோர்வு மாத்திரையை மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்தாற்போல் வெட்டு. பலர் அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி, இந்த மாத்திரையை இரட்டிப்பாக்குகிறார்கள்.