டிக்டேஷனுக்கு பாயா பிஒய்-எம்1 காலர் மைக்: சத்தம் ஏன் குறைகிறது?

சென்னை பாரிமுனைப் பக்கம், தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வக்கீல் ஆபீஸ்களில் வாயால் சொல்லியே மனு டைப் செய்கிற பழக்கம் வந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் விண்டோஸ் பட்டனையும் எச்-சையும் சேர்த்து அழுத்தினால் வரும் வாய்ஸ் டைப்பிங், கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் இருக்கும் வாய்ஸ் டைப்பிங், இரண்டிலும் தமிழ் உண்டு. இதற்கென்று பலர் முதலில் வாங்குவது பாயா பிஒய்-எம்1 காலர் மைக். விலைக்கு நல்ல மைக்தான். ஆனால் டெஸ்க்டாப்பில் செருகியதும் "சத்தமே ஏற மாட்டேங்குது" என்பார்கள். பெரும்பாலும் கோளாறு மைக்கில் இல்லை, செருகிய விதத்தில்.

ஒயரின் நடுவே ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் ஒரு ஸ்விட்ச்: ஒரு பக்கம் ஸ்மார்ட்போன், மறுபக்கம் கேமரா. மொபைலிலும், ஒரே ஓட்டையுள்ள லேப்டாப்பிலும் ஸ்மார்ட்போன் பக்கம் வைக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் மைக்குக்கென்று இருக்கும் பிங்க் ஜாக்குக்குக் கேமரா பக்கம், டப்பாவுக்குள் எல்ஆர்44 பட்டன் பேட்டரியோடு. மொபைலில் மைக் சிக்னல், செருகும் பின்னின் அடிவளையத்தில் ஓடும். பிங்க் ஜாக்கில் அந்த இடம் எர்த், சிக்னல் நுனியில் வர வேண்டும். ஸ்விட்ச் தவறான பக்கம் இருந்தால் குரல் எர்த்திலேயே போய்விடும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல லேசாக ஏதோ கேட்கும். விண்டோஸில் எந்த ஸ்லைடரை ஏற்றினாலும் அது சரியாகாது. சாதாரண மொபைல் இயர்போனை நேராக பிங்க் ஜாக்கில் குத்துகிறவர்களுக்கும் இதே கதிதான்; அதற்கு மைக்கையும் ஸ்பீக்கரையும் இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் தேவை. சிபியுவின் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் போடுங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர் பல அசெம்பிள்டு சிஸ்டங்களில் தளர்ந்தோ, செருகப்படாமலோ கிடக்கும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றுக்கு இன்னொரு வேலை உண்டு. பின்னைத் திருகினால் சத்தம் கூடிக் குறைகிறதா? உப்புப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பின்னைத் துடைத்து, காய்ந்த பிறகு நாலைந்து முறை செருகி எடுங்கள். தண்ணீர் வேண்டாம்.

இதற்கு அப்புறம்தான் விண்டோஸ். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், இன்புட்டில் இந்த மைக்தான் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பின் உள் மைக்கோ வெப்கேமோ தேர்வாகியிருந்தால், காலர் மைக்கில் கத்தினாலும் அது தூரத்திலிருந்துதான் கேட்கும். மைக் பெயரைச் சொடுக்கினால் உள்ளே 'ஸ்டார்ட் டெஸ்ட்' இருக்கும். வழக்கமாகப் பேசும் குரலில் இரண்டு வரி சொல்லி நிறுத்தினால் சதவீதம் காட்டும். 60-லிருந்து 80 வரை வந்தால் போதும். 20, 30-ல் நின்றால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', ரெக்கார்டிங், மைக்கின் ப்ராப்பர்டீஸ், லெவல்ஸ். மேல் ஸ்லைடரை 100 ஆக்குங்கள். கீழே மைக்ரோபோன் பூஸ்ட் இருந்தால் +10, போதாவிட்டால் +20 டெசிபல். +30 வைக்காதீர்கள். குரலோடு ஃபேன் இரைச்சலும் அதே அளவு ஏறும். மென்பொருளுக்கு வேண்டியது பெரிய சத்தம் அல்ல, இரைச்சலிலிருந்து பிரிந்து நிற்கும் குரல்.

ஏற்றி வைத்த ஸ்லைடர் மறுநாள் தானாக இறங்கியிருந்தால் ஜூம் மாதிரி ஆப்களைச் சந்தேகியுங்கள். அதன் ஆடியோ செட்டிங்கில் மைக் அளவைத் தானாக மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். மைக் ப்ராப்பர்டீஸில் நாய்ஸ் சப்ரெஷன் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். 'வழக்கு', 'கணக்கு' என்று சொல்லும்போது கடைசி உகரம் மெலிந்துதான் வரும், அதையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். க்ரோமுக்குத் தனியாக ஒரு மைக் தேர்வு உண்டு. விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் கூகுள் டாக்ஸில் மட்டும் குறைந்தால் அங்கே பாருங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் நடுப்பட்டியில் மாட்டுங்கள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும், பூஸ்ட் தராத தெளிவோடு. வக்கீல்கள் கழுத்துப் பட்டையில் மாட்டுவதைத் தவிர்க்கலாம். கஞ்சி போட்ட துணி உரசும் சத்தம் ஒவ்வொரு தலையசைப்புக்கும் விழும்.

இந்த மைக்கின் உண்மையான குறை வேறு. இது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். அடுத்தடுத்த மேஜையில் இருவர் டிக்டேட் செய்யும் டைப்பிங் சென்டருக்கோ, கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரக் கடைக்கோ இது ஆகாது. அங்கே வாயோரம் கம்பி நீளும் யுஎஸ்பி ஹெட்செட் வாங்குங்கள். ஜாக் தகராறும் இல்லை, பக்கத்து மேஜைக் குரலும் குறையும். ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். மைக் ஓடும்போது பலவற்றில் ஆடியோ 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்கி, குரலின் தெளிவு குறையும்.

அமைதியான அறை, ஒரே ஆள் என்றால் பிஒய்-எம்1 தாராளமாக வாங்கலாம். 6 மீட்டர் ஒயரைச் சுருட்டி, சார்ஜர் அடாப்டர் பக்கம் போகாமல் கட்டி வையுங்கள், இல்லையென்றால் உறுமல் ஏறும். பர்மா பஜாரிலோ வேறெங்கோ வாங்கினாலும் கடையிலேயே மொபைலில் செருகி வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிக் கேளுங்கள். டைப்-சி கன்வெர்ட்டர் வழியாகச் சோதித்தால் அது மைக்கையும் தாங்குவதா என்று பாருங்கள். சிலவற்றில் பாட்டு மட்டும்தான் கேட்கும். வேலை முடிந்ததும் ஸ்விட்சை ஸ்மார்ட்போன் பக்கம் தள்ளிவிடுங்கள். கேமரா பக்கமே விட்டால் பேட்டரி சும்மா கிடந்தே தீரும், ஒரு வாரம் ஒழுங்காக இருந்த சத்தம் மெல்ல மெல்ல இறங்கினால் முதலில் மாற்ற வேண்டியதும் அந்தப் பேட்டரிதான்.