தலைக்கு மேல டென்ட்டா, முதுகுக்குப் பின்னாடி படுக்கையா?

போன டிசம்பர்ல ஜெய்சல்மேர் கிளம்பறதுக்கு மொத நாள் நானும் மச்சானும் பல்லடம் ரோட்டுல ஒரு எடை மேடையில ரெண்டு வண்டியவும் ஏத்துனோம், பின்னாடி ஜல்லி லோடு லாரிக்காரங்க ஆரன் அடிச்சுட்டே நிக்கறாங்க, சீட்டு போடற அண்ணன் "இதுல என்னங்க லோடு, மெத்தையும் அடுப்புமா இருக்குது"ன்னு சிரிக்கறாரு. ரெண்டுமே கேம்பிங்குக்காக மாத்துன பிக்கப். என்னோடது இசுசு வி-கிராஸ், 1.9 இன்ஜின், பின்னாடி தொட்டிக்கு மேல கனோப்பி (மூடுன கூண்டு) போட்டு உள்ளயே படுக்கற செட்டப். மச்சானோடது டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ஆட்டோமேட்டிக், கூரைக்கு மேல ரூஃப் டாப் டென்ட், முன்னாடி ஸ்டீல் பம்பர், அதுக்குள்ள வின்ச் (மாட்டுன வண்டிய கேபிள் சுத்தி இழுக்கற மோட்டார்), பக்கத்துல ஆனிங் (நிழலுக்கு விரிக்கற துணி), சுத்தியும் லைட்டு. நிறுத்தி வெச்சா கூட்டம் கூடும், என் வண்டி பக்கத்துல யாரும் வந்து செல்ஃபி எடுத்ததில்ல.

சீட்டு கைக்கு வந்ததும் மச்சான் மூஞ்சி மாறிடுச்சு. கம்பெனி குடுத்த மொத்த எடை லிமிட்டுக்கு இன்னும் 70 கிலோ தான் பாக்கி, ஆனா தண்ணி கேன் ஏத்தல, அவரும் அவங்க வீட்டம்மாவும் இன்னும் உக்காரவே இல்ல. என் வண்டிக்கு ஏறக்குறைய 250 கிலோ பாக்கி இருந்துச்சு. இத்தனைக்கும் ரெண்டு பேரும் செலவு பண்ணது கிட்டத்தட்ட ஒரே காசு.

அன்னைக்கு புரிஞ்சது இதுதாங்க, பிக்கப்ப மாடிஃபை பண்றவங்க பாதிப்பேர் டயர்ல ஆரம்பிச்சு, லிஃப்ட் போட்டு வண்டிய உயர்த்தி, பம்பர் போட்டு, கடைசியா தான் "ஆமா எங்க படுக்கறது"ன்னு யோசிக்கறாங்க. இந்த வரிசைய அப்படியே திருப்பிப் போடணும். படுக்கறது எங்கன்னு முடிவு பண்ணா தான் எடை எங்க உக்காரும்னு தெரியும், எடை தெரிஞ்சா தான் ஸ்பிரிங் என்னன்னு சொல்ல முடியும், டயரெல்லாம் அதுக்கப்புறம்.

மொதல்ல ரூஃப் டாப் டென்ட். நல்லது சொல்லிடறேன், வண்டிய நிறுத்தி அஞ்சே நிமிஷத்துல வீடு ரெடி, மெத்தை உள்ளயே மடிஞ்சிருக்கு, கீழ கல்லு முள்ளு சேறு எது இருந்தாலும் கவலை இல்ல, தேள் பயம் இல்ல, மேல காத்து நல்லா வரும். ஜெய்சல்மேர் பக்கத்துல சம் மணல்மேட்டுல காலைல ஜிப்ப திறந்து பாக்கறப்ப கெடைக்கற வ்யூ இருக்கே, அது எனக்கு கனோப்பி கண்ணாடி வழியா கெடைக்கவே கெடைக்காது, பொறாமை தான்.

ஆனா டென்ட்டு மட்டும் 60, 70 கிலோ வரும், அந்த எடை வண்டியோட உச்சந்தலையில உக்காருது. கூரைக்கு ரெண்டு கணக்கு இருக்குங்க, வண்டி நிக்கறப்ப தாங்கற எடை வேற, ஓடறப்ப தாங்கற எடை வேற. நிக்கறப்ப ரெண்டு பேர் படுத்தாலும் தாங்கும், ஓடறப்ப உள்ள லிமிட் ரொம்ப கம்மி, அதுவும் டபுள் கேப் பிக்கப்ல (ரெண்டு வரிசை சீட் இருக்கறது) கூரை நீளமே குட்டை. மேனுவல்ல அந்த நம்பர பாக்காம கூரைல கிராஸ் பார் (குறுக்குக் கம்பி) மாட்டிட்டு வர்றவங்க நெறைய பேர். பக்கவாட்டுல சாய்ஞ்சு போற தடத்துல ஹைலக்ஸ் ஆடறத பின்னாடியிருந்து பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். கட்டாயம் ரூஃப் டாப் டென்ட் தான் வேணும்னா கூரைல வெக்காதீங்க, பின்னாடி தொட்டிக்கு மேல ஒரு ரேக் அடிச்சு கேபின் உயரத்துக்குள்ளயே உக்கார வைங்க, எடையும் கீழ இறங்கும், ஹைவேல காத்து மோதறதும் குறையும்.

இன்னொரு கஷ்டம் யாரும் சொல்றதில்ல. நாலு நாள் ஒரே எடத்துல தங்கறீங்க, பால் வாங்க பக்கத்து ஊருக்குப் போகணும்னா வீட்டையே மடிச்சு எடுத்துட்டுத் தான் போகணும். மழையில மடிச்சா ஈரத்தோட மடிக்கணும், ஊருக்கு வந்ததும் விரிச்சுக் காய வெக்கலன்னா ஒரு வாரத்துல பூஞ்சை புடிச்சு நாறும். அப்புறம் நடுராத்திரி ஒண்ணுக்குப் போக ஏணி இறங்கறது. மச்சானுக்கு வயசு 52. ஜெய்சல்மேர்ல மூணாவது நாள் ராத்திரி அவரு என் கனோப்பிய ஏக்கமா பாத்தத நான் பாத்தேன், கேக்கல.

இப்ப கனோப்பி. இதுலயும் குறை இருக்கு, முக்கியமா நீளம். டபுள் கேப் தொட்டி சுமார் அஞ்சடி தான், ஹைலக்ஸும் அப்படித்தான், சக்கர வளைவு ரெண்டுக்கும் நடுவுல மூணரை அடி சொச்சம். நான் அஞ்சடி எட்டு அங்குலம், நீட்டிப் படுக்கவே முடியாது. அதனால சக்கர வளைவுக்கு மேல வர்ற மாதிரி மரைன் பிளைவுட்ல ஒரு மேடை அடிச்சு, கடைசி ஒரு அடிய மடக்கற பலகையா வெச்சு, டெயில்கேட்ட கீழ இறக்குனா பலகை அதுமேல விரியற மாதிரி பண்ணோம், காலுக்கு மேல தார்பாலின்ல ஒரு பாவாடை கட்டிக்கறோம். அசிங்கமா தான் இருக்கும், வேலை செய்யுது. மேடைக்குக் கீழ ரெண்டு டிராயர், ஒண்ணுல சமையல் சாமான், ஒண்ணுல டூல்ஸ். எல்லா எடையும் இடுப்புக்குக் கீழ, பூட்டு போட்டுட்டு கோயிலுக்குள்ள நிம்மதியா போகலாம்.

உள்ள உக்கார முடியாதுங்க, அதச் சொல்லிடணும். மேடை போட்டதுக்கப்புறம் தலைக்கு மேல ரெண்டே கால் அடி தான், தவழ்ந்து போயி தவழ்ந்து வரணும், சட்டை மாத்தறது ஒரு யோகாசனம். மழை பேஞ்சா சமையல் வெளிய தான். உள்ள அடுப்பு பத்த வெச்சுடாதீங்க, குளிருக்கு கரி அடுப்பு வெக்கறேன்னு எவனாவது சொன்னா கையப் புடிச்சு நிறுத்துங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஜன்னல் ஒரு விரக்கடை திறந்து கொசுவலை போட்டுருங்க, இல்லன்னா ரெண்டு பேர் மூச்சுவிடற ஈரம் காலைல கூரையிலருந்து மூஞ்சில சொட்டும்.

தரையில போடற சாதா டென்ட்ட யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல, அஞ்சாறாயிரத்துல முடியுதேங்கறதால மதிப்பில்ல போல. நாலு கிலோ எடை. டென்ட்ட எடத்துல விட்டுட்டு வண்டிய மட்டும் எடுத்துட்டு சுத்தலாம், ரெண்டு குழந்தைங்க இருக்கற குடும்பத்துக்கு இத விட்டா வேற வழியே இல்ல, ஏன்னா ரூஃப் டாப்லயும் கனோப்பிலயும் நாலு பேர் படுக்கறதுங்கறது விளம்பரத்துல தான் நடக்கும். வால்பாறை பக்கம் எஸ்டேட்ல மழை மாசத்துல போட்டா அட்டை உள்ள வரும், தரை ஈரம் ஏறும், அது ஒண்ணு தான். யானை நடமாட்டம் இருக்கற எடத்துல எந்த டென்ட்டும் ஒண்ணு தான், தரைல இருந்தா ஆபத்து கூரைல இருந்தா சேஃப்னு நெனைக்காதீங்க. அதோட நம்ம ஊர்ல ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குத்தம், அதனால தனியார் எஸ்டேட்டோ தோட்டமோ பாத்து ஓனர்கிட்ட கேட்டுட்டுத் தான் தங்கணும். ஊட்டி, கொடைக்கானல் போறதா இருந்தா 2024 மே மாசத்துலருந்து இ-பாஸ் வேற வேணும்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வர்றேன். பின்னாடி பட்டை ஸ்பிரிங் தான் ரெண்டு வண்டிக்கும். கனோப்பி, மேடை, டிராயர் எல்லாம் சேந்து எனக்கு நிரந்தரமா 200 கிலோவுக்கு மேல பின்னாடி உக்காந்திருக்கு, அதுக்கு ஏத்த பட்டை செட் போட்டதும் வண்டி நேரா நின்னுச்சு. மச்சான் 300 கிலோ நிரந்தர லோடுக்கான கனமான செட்ட ஆசைக்குப் போட்டுட்டாரு, டென்ட்ட கழட்டிட்டு ஆஃபீஸ் போற நாள்ல ஸ்பீட் பிரேக்கர்ல பின் சீட்ல இருக்கறவங்க தலை கூரைல இடிக்குது. வருசத்துல ரெண்டு தடவை கேம்பிங், மத்த நாளெல்லாம் காலி வண்டின்னா கம்பெனில வந்த பட்டையே போதும். 40 மில்லிமீட்டர் லிஃப்ட் வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல முன்சக்கரத்த சுத்தற டிரைவ் ஷாஃப்ட்டோட கோணம் கெட்டு அதோட ரப்பர் உறை கிழிய ஆரம்பிக்கும், அலைன்மென்ட்டும் நிக்காது, டயர் உள்பக்கம் மட்டும் தேயும்.

டயர்ல பெரிய விவாதமே வேண்டாம், ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகற ஆல் டெரெய்ன் போடுங்க. சேத்துக்குன்னே இருக்கற பெரிய பல்லு மட் டெரெய்ன் போட்டு கோயமுத்தூர்லருந்து ஜெய்சல்மேர் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டுனா காதுல தேனீக்கூடு, நனைஞ்ச ரோட்டுல பிரேக் புடிக்கற தூரமும் கூடும். மணல்ல மட் டெரெய்னோட பெரிய பல்லு புடிக்கறத விட தோண்டறது தான் அதிகம். மணல்ல வேலை செய்யறது காத்த குறைக்கறது தான், 33, 34 பிஎஸ்ஐல இருந்தத 18க்கு இறக்குனா டயர் அகலமா பரவி மிதக்கும். ஹைலக்ஸ்ல பின்னாடி டிஃப் லாக் (ரெண்டு பின்சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வெக்கற பூட்டு) இருக்கு, என்னோடதுல இல்ல, ஆனா மொத மேட்டுலயே மாட்டுனது ஹைலக்ஸ் தான், மச்சான் காத்த இறக்க மறந்துட்டாரு, அதுவும் அந்த எடையோட. காத்து திருப்பி அடிக்க ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரஸர் கண்டிப்பா வேணும், அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி எப்படி வெளிய எடுத்தோம்? வின்ச் இருக்கே. வின்ச்ச மாட்ட மரம் வேணுமுல்ல, மணல்மேட்டுல ஏது மரம். என் வண்டி எட்டற தூரத்துல இல்ல. கடைசியா என்னோட ரிக்கவரி போர்டு (டயருக்கு அடியில வெக்கற பல்லு வெச்ச பலகை) ரெண்டும், மம்முட்டியும், பதினெட்டு பிஎஸ்ஐயும் தான் காப்பாத்துச்சு. வின்ச்சும் ஸ்டீல் பம்பரும் சேந்து மூக்குல 80, 90 கிலோ, போர்டு செட்டு 8 கிலோ. ஒத்த வண்டியா காட்டுப்பாதைல சேத்துக்குள்ள போறவங்களுக்கு வின்ச் தேவை தான், அப்ப 9,500 பவுண்டு திறன் உள்ளது போதும், லோடோட வண்டி எடைக்கு ஒன்றரை மடங்குங்கற கணக்கு அதுல அடங்கிடும். கைனடிக் ரோப் (இன்னொரு வண்டி இழுக்கறப்ப ரப்பர் மாதிரி நீளற கயிறு) வாங்கறீங்கன்னா கயித்த விட கொக்கி மாட்டற எடத்த பாருங்க, சேஸிஸ்ல போல்ட் போட்ட ரிக்கவரி பாயின்ட் தவிர வேற எதுலயும் மாட்டாதீங்க, டோ பால் (டிரெய்லர் மாட்டற குண்டு) பிச்சுட்டு வந்து ஆளக் கொன்ன கதை ஆஸ்திரேலியாவுல நடந்திருக்கு.

பம்பர்னதும் சட்டம் ஞாபகம் வருது. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு வண்டி முன்னாடி மாட்டற புல் பார், கிராஷ் கார்டு மேலெல்லாம் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மீறி வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவ வெச்சு சொல்லிடுச்சு, அந்த வருசம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ. மச்சானுக்கு ஒரு செக்போஸ்ட்ல பம்பரப் பாத்து ஓரங்கட்டச் சொல்லி ஒரு மணி நேரம் போச்சு. என் கனோப்பிய கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கேன், ஓட்டை போடல, வெல்டிங் இல்ல, நாலு கிளாம்ப் கழட்டுனா வண்டி ஷோரூம் வண்டி. அதுக்காக யாரும் கேக்கவே மாட்டாங்கன்னு சொல்ல வரல, கேட்டா கழட்டிக் காட்டலாம், அவ்வளவு தான். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் குடுத்துருங்க, ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அவங்க கண்டுபுடிச்சா கிளெய்ம்ல இழுத்தடிப்பாங்க.

கரண்ட் பத்தி கொஞ்சம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 40 லிட்டர் வெச்சா நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர்-ஹவர் கரண்ட் இழுக்கும், வண்டி பேட்டரிலயே ஓட்டுனா காலைல ஸ்டார்ட் ஆகாது. மச்சான் ரெண்டாவது பேட்டரி, வண்டி ஓடறப்ப அத சார்ஜ் பண்ற டிசி டிசி சார்ஜர்னு நிரந்தர வயரிங் பண்ணாரு, நான் கையில தூக்கிட்டுப் போற பவர் ஸ்டேஷன் (பெரிய பேட்டரிப் பெட்டி) ஒண்ணு வாங்குனேன், வண்டி ஓடறப்ப சார்ஜ் ஆகும், வீட்டுல கரண்ட் போனாலும் ஆகும். அவரோடது தான் பெட்டர், ஒத்துக்கறேன், நாலு நாள் வண்டி நகராம நின்னாலும் சோலார் வெச்சு ஓட்டிடறாரு, எனக்கு ஒன்றரை நாள்ல படுத்துடும். ஆனா அடுத்த வருசம் அக்டோபர்ல ஹிமாச்சல்ல ஸ்பிட்டி பிளான் இருக்கு, அங்க காஸா ஊரே 3,600 மீட்டருக்கு மேல உயரம், ராத்திரி சைபருக்குக் கீழ போகும், லித்தியம் பேட்டரிய அந்தக் குளிர்ல சார்ஜ் ஏத்துனா செல் கெட்டுப்போகும். என்னோடத தூக்கி போர்வைக்குள்ள வெச்சுப்பேன், அவரோடது தொட்டில போல்ட் போட்டு நிக்குது.

ரெண்டு மூணு நாள் ட்ரிப்புன்னா ஃபிரிட்ஜே வேண்டாங்க. ராமேஸ்வரம் பக்கம் போனப்ப மீன்புடி துறைமுகத்துக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனியில பார் ஐஸ் வாங்கி உடைச்சு நல்ல ஐஸ் பாக்ஸ்ல போட்டோம், மூணாவது நாளும் தயிர் புளிக்கல.

போன வாரம் மச்சான் ஃபோன் பண்ணாரு. பம்பரையும் வின்ச்சையும் கழட்டிட்டாராம், டென்ட்ட தொட்டி ரேக்குக்கு இறக்கறாராம், கூட ஒரு குட்டி கனோப்பிக்கும் எடம் வருமான்னு கேட்டாரு. ரெண்டும் ஒண்ணா வராது மச்சான், ஒண்ணு முடிவு பண்ணுங்கன்னு சொன்னேன். "வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்"ன்னு வெச்சுட்டாரு. ஏணில ஏறி இறங்குனது அவங்களும் தானே.