வாயால் சொன்ன அவதூறு: சிவில் வழக்கா, கிரிமினல் பிராதா, சமரசமா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில், பால் ஊற்றிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். விடியற்காலை, சங்கத்தில் கேனோடு வரிசையாக ஆட்கள் நிற்கும்போது ஒருவர், "இந்த அக்கா ஊற்றுவதில் பாதி குழாய்த் தண்ணீர்" என்று உரக்கச் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாளே, வீட்டுக்கு வந்து பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெண் எந்த வாசலைத் தட்டுவது?

பெரும்பாலோர் முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கு. அங்கே மனுவுக்கு ரசீது கிடைக்கும்; வழக்கு கிடைக்காது. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல அவதூறு. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் முன் பிராது, அதாவது புகார் மனு, கொடுக்க வேண்டும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை விதிக்கவும் இப்போது இடமுண்டு. இப்படித் தண்டிப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்ற வாதத்தை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வாயால் சொன்னதற்கும் எழுதியதற்கும் இந்தச் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. சைகைகூடப் போதும். "கைக்கடிகாரத்தைத் திருடியது யார்?" என்று கேட்டதற்கு வாய் திறக்காமல் ஒருவரைக் கைகாட்டுவதும், "அவர் யோக்கியர், அவர் எடுக்கவே இல்லை" என்று எடுத்ததாக நம்பவைக்கும் எண்ணத்தோடு சொல்வதும் அவதூறு என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். தனியே நிறுத்தி முகத்துக்கு நேராகத் திட்டினால் அது அவதூறு ஆகாது. சண்டைக்கு இழுக்கும் அவமதிப்பு, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல் ஆகியவற்றுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன.

சிவில் வழக்கின் போக்கு வேறு. அங்கே கேட்பது தண்டனை அல்ல, நஷ்டஈடு. இனிப் பேசக் கூடாது என்ற தடையுத்தரவும் கேட்கலாம். இங்கிலாந்துச் சட்டம் வாய்மொழி அவதூறைச் சற்று இளப்பமாகவே பார்த்தது. சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைச் சாட்டுவது, தொழிலுக்கு லாயக்கற்றவர் என்பது போன்ற சில வகைகள் தவிர, பணநஷ்டத்தை நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்தால்கூட 1891 வரை அங்கே இதே நிலைதான். சென்னை உயர் நீதிமன்றமோ 1880-களிலேயே, அப்படிப் பழிக்கப்பட்ட பெண் பணநஷ்டம் காட்டத் தேவையில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதியும் அன்று சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. இந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம்தான். ஊர்ப்பேச்சில் ஒரு பெண் இழப்பதை ரூபாய்க் கணக்கில் காட்டச் சொல்வது கொடுமை.

இரண்டு வழிகளும் அடியோடு பிரியும் இடம், உண்மை. சிவிலில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் எதிராளி தப்பிவிடுவார். கிரிமினலில் உண்மை மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். ஆகவே உண்மையான ஒரு பழைய கதையை வன்மத்தோடு கிளறியவரைக் கிரிமினலில் பிடிக்கலாம், சிவிலில் பிடிப்பது கடினம். நிரூபிக்கும் சுமையோ தலைகீழ். கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவிலில் எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும்.

செலவில் கிரிமினல் மலிவு. சிவிலில் கேட்கும் தொகைக்கேற்பக் கோர்ட் கட்டணம் ஏறும். ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு: விசாரணை நாளில் பிராது கொடுத்தவர் வராமல், அதன்பின் தரப்படும் முப்பது நாள் அவகாசத்திலும் வராவிட்டால், மாஜிஸ்திரேட் எதிராளியை விடுதலையே செய்துவிடலாம். கறவையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைய முடியுமா என்பதை அந்தப் பெண் முதலிலேயே எண்ணிப்பார்க்க வேண்டும்.

கெடு இன்னும் முக்கியம். கிரிமினலுக்கு மூன்று ஆண்டு. சிவிலுக்கு ஒரே ஆண்டு, சொல் வாயிலிருந்து வந்த நாள் முதல். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது.

மூன்றாவது வழியான சமரசத்தை நம் ஆட்கள் தோல்வி என்று எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பால்காரப் பெண்ணுக்கு வேண்டியது, எந்த வரிசையின் முன் பழி விழுந்ததோ அதே வரிசையின் முன் "நான் சொன்னது பொய்" என்ற ஒரு வாக்கியம். அதை வாங்கித் தரும் அதிகாரம் தண்டனைத் தீர்ப்புக்குக் கிடையாது. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்; கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. அங்கே எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு (டிக்ரீ) சமம். எதிராளி வர மறுத்தால் மட்டும் இந்த வழி அடைபடும். ஆகையால் நான் சொல்வது: முதல் மாதத்திலேயே சமரச மனு, அது நடக்காவிட்டால் ஆண்டு முடியும் முன் சிவில் வழக்கு. பழி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது அதன் பின்னால் வன்மம் தெளிவாகத் தெரிந்தால், கிரிமினல் பிராது.

எந்த வழியானாலும் சொன்ன சொற்கள் அப்படியே வேண்டும். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் எடுபடாது. அன்றைக்கே, சொன்ன தமிழிலேயே, நாள், நேரம், கேட்டவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். கோர்ட்டுக்கு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துத் தரும்போதும் மூலச் சொற்கள் அதில் இருக்கட்டும். செல்போனில் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாக்கத் தனிச் சான்றிதழ் தேவைப்படும், வக்கீலிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழி பொள்ளாச்சிச் சந்தையில் விழுந்து, சொன்னவர் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்தால், சிவில் வழக்கை எல்லையின் எந்தப் பக்கத்திலும் போடலாம், தேர்வு பாதிக்கப்பட்டவருடையது. சாட்சிகள் எந்தப் பக்கத்து பஸ்ஸில் எளிதாக வந்து சேர்வார்களோ, அந்தக் கோர்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.