ஹெட்டர்ஸ் போட்டுத் தருகிறோம் என்றால், கழற்றியதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்

என்னிடம் இருப்பது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டி சூடானதும் அடங்கிவிடும். டாப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தும் போகவில்லை. ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால், இன்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சர் பைப்புக்கு அனுப்புகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் விரிசல். வார்ப்பிரும்பு இருபது வருடம் சூடாகிச் சூடாகிக் குளிர்ந்தால் இப்படித்தான் விடும். சூட்டில் இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்ளும், அதனால்தான் சத்தம் அடங்குகிறது.

சத்தம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பானெட்டுக்குள் கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதே, அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. முன் கண்ணாடிக்கு அடியில்தான் கேபினுக்குக் காற்று உள்ளே வரும் வழி. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது.

சென்னைப் புறநகரில் ஒரு மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை, இதே பாணியில் வேலை செய்கிற கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே சொன்னது: "சார், இந்த வண்டிக்கு மேனிஃபோல்டு எங்க தேடினாலும் கிடைக்காது. பழசு கிடைச்சாலும் மறுபடி விடும். ஹெட்டர்ஸ் போட்டுடுங்க. 304 ஸ்டெயின்லெஸ், வாழ்நாளுக்கும் ஒண்ணும் ஆகாது. பவரும் ஏறும்." ஹெட்டர்ஸ் என்றால் வார்ப்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டுகிற, தனித்தனிக் குழாய்களை வெல்டிங் செய்து சேர்த்த எக்ஸாஸ்ட். மொத்தம் 28,000 ரூபாய், பாதி முன்பணம். பில் கேட்டால், "ஜிஎஸ்டி சேர்த்தா ரேட் ஏறிடும் சார்" என்றார்கள்.

வண்டியை எடுத்துவந்த புதிதில் சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பழைய டிக் டிக் திரும்பி வந்தது. ஊருக்குள் லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 8-க்கு இறங்கியது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் ஃபெயில். பாரத் ஸ்டேஜ் 2 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி அதன் பக்கத்தில்கூட இல்லை.

கடையில் கேட்டதற்கு "செட் ஆக டைம் எடுக்கும் சார்" என்றார்கள். எக்ஸாஸ்ட் பைப்பில் செட் ஆவதற்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹோண்டா வண்டிகளிலேயே காலம் தள்ளிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் அவர் முதலில் செய்தது, பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்ததுதான். பச்சென்று ஒட்டிக்கொண்டது. 304 என்றால் அப்படி ஒட்டாது, வெல்டிங் பக்கத்தில் லேசாக இழுத்தால் உண்டு. காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ரகங்களும் உண்டு, ஆனால் இது அதுவும் இல்லை. மேல் பளபளப்பைச் சுரண்டினால் சாதா இரும்பு.

அடுத்தது ஃபிளேஞ்ச். ஹெட்டரின் உயிர் இருப்பது குழாயில் இல்லை, இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இந்தத் தகட்டில்தான். எட்டு, பத்து மில்லி கனம் இருந்தாலே வெல்டிங் சூட்டில் கொஞ்சம் வளையும். அதனால் வெல்டிங் முடிந்தபின் முகத்தை மெஷினில் ஓட்டிச் சமன் செய்யவேண்டும். எனக்குப் போட்டது ஐந்து மில்லிகூட இல்லை, மெஷினுக்கும் போகவில்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது. அந்த இடைவெளியைச் சிலிகான் பேஸ்ட் வைத்து அடைத்திருந்தார்கள். முன்னூறு டிகிரிச் சொச்சம் தாங்குகிற பேஸ்டை அறுநூறு, எழுநூறு டிகிரி ஏறுகிற இடத்தில் வைத்தால் எத்தனை நாள் நிற்கும்? இரண்டு ஸ்டட் உடைந்து, அலுமினிய ஹெட்டில் கோணலாக ஓட்டை போட்டுப் பெரிய போல்ட்டைத் திருகியிருந்தார்கள். அதை என்னிடம் சொல்லவே இல்லை.

மைலேஜ் போன கதையும் இங்கேதான். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் புகை வெளியே வருவதோடு நிற்காது, துடிப்புக்கு இடையில் வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று சொல்லும், இன்ஜின் கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். பிளக்கைக் கழற்றினால் கரி.

இவ்வளவும் அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விடமுடியாது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் பைப். ஹெட்டர் பேசும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. போனில் கேட்டேன். "அது அடைச்சுப் போச்சு சார், தூக்கிப் போட்டாச்சு" என்று பதில். தூக்கிப் போடுகிற பொருளா அது? உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கம்பெனியோடு வந்த பழைய கன்வெர்ட்டருக்குக் காயலான் கடைக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். என்னிடம் வாங்கிய 28,000 போக, என் வண்டியிலிருந்தே இன்னொரு வருமானம். விரிசல் விட்ட மேனிஃபோல்டையும் திருப்பித் தரவில்லை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது இந்த வெறும் பைப்போடு ஆர்டிஓ அலுவலகத்தில் யார் நிற்பது?

'கிடைக்கவே கிடைக்காத' மேனிஃபோல்டு, சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தது. "எந்த வருஷம் பாய் வேணும்?" என்று கடைக்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார். 3,500 ரூபாய். லேத்தில் முகம் ஓட்டி, புது கேஸ்கெட், கெட்டுப்போன ஓட்டைகளுக்கு ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட்டு மாட்டியாயிற்று. கன்வெர்ட்டர் மட்டும் தனியாக வாங்கியதில் கை கடித்துவிட்டது. பவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வேறெதுவும் மாற்றாத இன்ஜினில் ஹெட்டர் மட்டும் போட்டு ஓட்டியதில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது சத்தத்தில்தான். அதோடு குழாய் ஆயில் சம்ப்புக்குக் கீழே தொங்கி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் உரசும். ரேஸ் ஓட்டுகிறவர் போடட்டும், அது வேறு கணக்கு.

அப்படியும் போடத்தான் போகிறீர்கள் என்றால், மாட்டுவதற்கு முன் ஹெட்டரைக் கையில் வாங்கி ஃபிளேஞ்சில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கன்வெர்ட்டர் அப்படியே இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியை விடும் முன் கன்வெர்ட்டரை அதன் எண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது, அது டிக்கியில் ஏறாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் கசிவு பார்க்க ஒரு வழி: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாக்குவம் கிளீனரின் காற்று வெளியே வரும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் பொருத்தி ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசிகிற இடத்தில் நுரை கிளம்பும்.

கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய ஜிபே பதிவும், '304 ஸ்டெயின்லெஸ்' என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். இதே மாதிரி கன்வெர்ட்டரைப் பறிகொடுத்தவர்கள் யாராவது ஆணையம் வரை போயிருந்தால், கன்வெர்ட்டரின் மதிப்பை எதை வைத்துக் காட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.